குளிர்நிலையில் வளைத்த எஃகு உறுப்புகள்: பர்லின் முதல் கிடங்கு அடுக்கு வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்நிலையில் வளைத்த எஃகு என்று எதைச் சொல்கிறோம்?

ஐ பீம், கனமான சேனல், ஆங்கிள் போன்றவை எஃகு செஞ்சூட்டில் இருக்கும்போதே உருளைகளுக்கு இடையே நசுக்கி உருவாக்கப்படுபவை. இவற்றை வெப்ப உருட்டு உறுப்புகள் என்கிறோம். அவ்வாறின்றி, ஏற்கெனவே தகடாக்கிச் சுருளாகச் சுற்றிவைத்த எஃகைச் சூடேற்றாமல், அறை வெப்பநிலையிலேயே வளைத்து வடிவம் கொடுத்தால் அது குளிர்நிலையில் வளைத்த உறுப்பு. பட்டறைகளில் சி பர்லின், இசட் பர்லின், லிப் சேனல் என்ற பெயர்களில் விற்பவை இவைதாம். பர்லின் என்பது கூரை ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம். கடைகளின் உருட்டுக் கதவில் வரும் பட்டைகள், ஜிப்சம் பலகைத் தடுப்புச் சுவருக்குள் நிற்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) சேனல்கள், கான்கிரீட் தளத்துக்கு அடியில் விரிக்கும் டெக் ஷீட், நெடுஞ்சாலை ஓரத்தில் அலைவடிவில் ஓடும் தடுப்புப் பட்டை ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. கூரைக்கான பர்லின்கள் பெரும்பாலும் 1.5 மி.மீ. முதல் 3 மி.மீ. வரை தடிமன் கொண்டவை. தடுப்புச் சுவர்ச் சேனல்கள் அரை மி.மீட்டரை ஒட்டியே இருக்கும்.

இவற்றை எவ்வாறு தயாரிக்கிறார்கள்?

அகலமான எஃகுச் சுருளை முதலில் தேவையான அகலத்துக்கு நீளவாக்கில் கீறிப் பிரிக்கிறார்கள். அந்தப் பட்டையை வரிசையாக நிற்கும் பல ஜோடி உருளைகளுக்கு இடையே செலுத்துகிறார்கள். ஒவ்வொரு ஜோடியும் பட்டையைச் சில பாகை மட்டுமே வளைக்கும். அவசரப்பட்டு ஓரிரு ஜோடிகளிலேயே முழு வளைவையும் கொடுத்தால் ஓரங்கள் இழுபட்டு நீண்டு, வெளிவரும் உறுப்பு முறுக்கிக்கொள்ளும். போல்ட் துளைகளைத் தகடு தட்டையாக இருக்கும்போதே இயந்திரம் குத்திவிடுவதால், நல்ல ஆலையில் செய்த பர்லினைத் தளத்தில் துளையிட வேண்டிய தேவையே இல்லை. சிறிய எண்ணிக்கையிலும் குறைந்த நீளத்திலும் தேவைப்படுபவற்றைப் பிரஸ் பிரேக் இயந்திரத்தில் ஒவ்வொரு மடிப்பாக மடித்துச் செய்கிறார்கள்.

வளைக்கும் இடத்தில் எஃகின் குணமும் மாறுகிறது. மூலைகளில் எஃகு கடினமாகி அதன் நெகிழ்வெல்லை, அதாவது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அளவு, உயர்கிறது. அதே நேரத்தில் நீட்சித் தன்மை குறைகிறது. ஆகவே மடிப்பின் உள் ஆரம் தகட்டின் தடிமனுக்குக் குறையாமல் இருப்பது நல்லது; கூர்மையாக மடித்தால் வெளிப்புறத்தில் மயிரிழை விரிசல்கள் தோன்றக்கூடும்.

இரண்டு மி.மீ. தகடு எப்படிக் கூரையைத் தாங்கும்?

பலருக்கும் உள்ள நியாயமான ஐயம் இது. கணக்கிட்டுப் பார்த்தால் விடை தெளிவாகும். 100 மி.மீ. உயரமுள்ள வெப்ப உருட்டுச் சேனல் மீட்டருக்கு ஏறத்தாழ 9.5 கிலோ எடை கொண்டது. 200 மி.மீ. உயரம் (நிமிர்ந்து நிற்கும் நடுத்தகடு), மேலும் கீழும் 60 மி.மீ. விளிம்பு, விளிம்பின் முனையில் 20 மி.மீ. உதடு, 2 மி.மீ. தடிமன் கொண்ட சி பர்லின் மீட்டருக்குச் சுமார் 5.4 கிலோ மட்டுமே. இருந்தும் வளைவை எதிர்க்கும் நிலைமத் திருப்புத்திறன் சேனலுக்கு 190 செ.மீ.⁴ அளவிலும், பர்லினுக்கு 400 செ.மீ.⁴ அளவிலும் இருக்கிறது. பாதியைவிடச் சற்று அதிகமான எஃகில் இரு மடங்கு விறைப்பு கிடைக்கிறது. காரணம், அந்த எஃகு நடு அச்சிலிருந்து தொலைவில் வைக்கப்பட்டிருப்பதுதான்.

ஆனால் இந்த லாபத்துக்கு ஒரு விலை உண்டு. மெல்லிய தகட்டின் மீது அழுத்தம் ஏறும்போது, எஃகு தன் முழு வலிமையை எட்டும் முன்பே தகடு அலையலையாக நெளியத் தொடங்கும். நெளிந்தவுடன் அது செயலிழந்துவிடுவதில்லை என்பதே இத்துறையின் அடிப்படைக் கண்டுபிடிப்பு. நடுப்பகுதி சுமையிலிருந்து விலகிக்கொள்ள, மடிப்புகளை ஒட்டிய ஓரப்பகுதிகள் அந்தச் சுமையை ஏற்கின்றன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1939 முதல் ஜார்ஜ் வின்டர் நடத்திய ஆய்வுகள் இதை அளந்து, தகட்டின் முழு அகலத்துக்குப் பதிலாகப் பயனுறு அகலம் என்ற குறைந்த அளவைக் கணக்கில் கொள்ளும் முறையை வகுத்தன. அந்த ஆய்வுகளின் பயனாக 1946-இல் அமெரிக்க இரும்பு எஃகு நிறுவனம் தன் முதல் விதித்தொகுப்பை வெளியிட்டது.

விளிம்பின் முனையில் உள்ளே மடிந்திருக்கும் 20 மி.மீ. உதட்டைப் பார்த்து, அது ஏதோ கையைக் கிழிக்காமல் இருப்பதற்காகச் செய்தது என்று நினைப்பவர்கள் உண்டு. விளிம்பின் திறந்த ஓரத்துக்குப் பிடிமானம் தருவதே அந்த உதடுதான். உதடு குட்டையாக இருந்தால் விளிம்பும் உதடும் சேர்ந்து மூலையை அச்சாகக் கொண்டு சுழன்றுவிடும்.

சி பர்லின், இசட் பர்லின்: எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரே இடைவெளியில் (இரு தாங்கிடங்களுக்கு இடையேயான தூரம்) முடியும் சிறிய ஷெட்டுக்கும், கதவு சன்னல் சட்டங்களுக்கும், இரண்டை முதுகோடு முதுகு சேர்த்துத் தூணாக்குவதற்கும் சி வடிவம் வசதியானது. வரிசையாகப் பல இடைவெளிகள் கொண்ட தொழிற்கூடத்துக்கு இசட் வடிவமே பொருத்தம். இசட் பர்லினின் ஒரு விளிம்பு மற்றதைவிடச் சற்று அகலமாகச் செய்யப்படுவதால், ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி மற்றொன்றின் மீது கச்சிதமாகப் பொருத்தலாம். பர்லின்களைத் தாங்கும் சரிவான முதன்மைச் சட்டமான ராஃப்டரின் மீது இவ்வாறு மேற்பொருத்திப் போல்ட் போட்டால், பர்லின்கள் பல தாங்கிடங்களின் மீது ஓடும் ஒரே தொடர் உத்தரமாக இயங்கும். வளைவு விசை மிக அதிகமாக இருக்கும் தாங்கிடத்திலேயே எஃகு இரட்டிப்பாகவும் கிடைக்கிறது. நடுவில் தொய்வும் வெகுவாகக் குறைகிறது. முதல் இடைவெளியிலும் கடைசி இடைவெளியிலும் வளைவு விசை கூடுதலாக இருப்பதால், அங்கே தடிமனான பர்லினோ நீண்ட மேற்பொருத்தோ வேண்டும். விலைப்புள்ளியில் எல்லா இடைவெளிக்கும் ஒரே தடிமன் எழுதப்பட்டிருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

தளத்தில் மிக அடிக்கடி தவறாகச் செய்யப்படுவது இசட் பர்லினின் திசை. சரிவான கூரையில் மேல் விளிம்பு முகட்டை நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் சுமையின் சரிவு நோக்கிய இழுப்பும் பர்லினின் சுழலும் போக்கும் ஒன்றையொன்று எதிர்க்கும். மாற்றி வைத்தால் இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டு பர்லினைக் கவிழ்க்கப் பார்க்கும்.

கூரைக்கு எடையை விடக் காற்றே பெரிய எதிரி என்கிறார்களே, அது சரியா?

முற்றிலும் சரி. தமிழ்நாட்டின் சமவெளிக் கூரைகளில் பனி விழுவதில்லை. ஷீட்டும் பர்லினும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 10 கிலோ அளவே இருக்கும். காற்றின் கணக்கோ வேறு. காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின்படி அடிப்படைக் காற்று வேகம் சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர். கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் 39 மீட்டர். அழுத்தம் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப உயர்வதால், நிலப்பரப்பு, உயரம் முதலிய திருத்தக் காரணிகளைச் சேர்க்கும் முன்பே சென்னையில் அது சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ எடைக்குச் சமம். கோயம்புத்தூரில் அதே கணக்கு ஏறத்தாழ 913 நியூட்டன் தருகிறது. வேகம் 28 விழுக்காடு கூடும்போது அழுத்தம் 64 விழுக்காடு கூடுகிறது. கோயம்புத்தூரில் பத்தாண்டு நிலைத்து நின்ற ஷெட்டின் வரைபடத்தை அப்படியே எண்ணூருக்கோ கடலூருக்கோ கொண்டுவந்து கட்டக்கூடாது என்று வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு, கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் அமையும் தொழிற்கூடங்களுக்குப் புயலுக்காக 1.15 என்ற கூடுதல் காரணியையும் விதித்திருக்கிறது.

காற்று கூரையின் மீது பாயும்போது பெரும்பாலும் அதைக் கீழே அழுத்துவதில்லை; மேலே உறிஞ்சுகிறது. பெரிய கதவு திறந்திருந்தால் உள்ளே புகும் காற்றும் கீழிருந்து தள்ளும். சாதாரண நாளில் பர்லினின் மேல் விளிம்பு அழுத்தத்தில் இருக்கும். அதை ஸ்க்ரூ வழியாகக் கூரை ஷீட் பிடித்துக்கொண்டிருப்பதால் அது பக்கவாட்டில் நகர முடியாது. உறிஞ்சும் காற்றில் நிலைமை தலைகீழாகி, அழுத்தம் கீழ் விளிம்புக்குப் போய்விடுகிறது. அந்த விளிம்பைப் பிடித்துக்கொள்ள அங்கே ஷீட் இல்லை. அது பக்கவாட்டில் வளைந்து, பர்லின் முழுவதும் முறுக்கிக்கொண்டு சாய்கிறது.

இதைத் தடுப்பதற்கே பர்லின்களுக்கு இடையே சாக் ராட் (பர்லின்களை ஒன்றோடொன்று இணைக்கும் எஃகுக் கம்பி) அல்லது ஆங்கிள் துண்டுகளைக் கோக்கிறோம். பொதுவாக 6 மீட்டர் வரையிலான இடைவெளிக்கு ஒரு வரிசையும், அதற்கு மேல் இரண்டு வரிசையும் போடுவது வழக்கம். சரியான எண்ணிக்கையையும், அவை மேல் விளிம்பை ஒட்டி வர வேண்டுமா கீழ் விளிம்பை ஒட்டி வர வேண்டுமா என்பதையும் கணக்கே தீர்மானிக்க வேண்டும். முகட்டில் இரு சரிவுகளின் சாக் ராடுகளும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்க வேண்டும்; இல்லையென்றால் அந்த வரிசை எதையும் பிடிக்காமல் வெறுமனே தொங்கும். செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலில் கைவைக்கப்படுவது இந்த ராடுகளில்தான். மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கு இவற்றுடையது. கூரை நிலைப்பதில் இவற்றின் பங்கோ மிகப் பெரியது. இந்தச் சிக்கனத்தை எந்த நிலையிலும் ஏற்க வேண்டாம்.

2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த வர்தா புயலிலும், 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலிலும் தகரக் கூரைகள் பறந்ததைக் கண்டவர்கள் பலர். இத்தகைய சேதம் பெரும்பாலும் பர்லின் நடுவில் முறிவதால் தொடங்குவதில்லை. ஸ்க்ரூவின் தலையைச் சுற்றி ஷீட் கிழிவதிலும், கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் பிடிமானம் விடுபடுவதிலும்தான் தொடங்குகிறது. உறிஞ்சுவிசை அந்த ஓரங்களில்தான் உச்சத்தில் இருக்கும். எனவே அங்கே ஸ்க்ரூக்களை நெருக்கமாகப் போட வேண்டும்.

வாங்கும் தடிமன் சரிதானா என்று எப்படிப் பார்ப்பது?

கேஜ் கணக்கில் பேசுவதை விட்டு மி.மீட்டரில் எழுதி வாங்குங்கள். 14 கேஜ் என்பது பிரிட்டிஷ் அளவுமுறையில் 2.03 மி.மீ.; அமெரிக்க எஃகுத் தகட்டு அளவுமுறையில் 1.90 மி.மீ. எந்த முறை என்று சொல்லாத விலைப்புள்ளி சண்டைக்கே வழிவகுக்கும். துத்தநாகப் பூச்சையும் சேர்த்த தடிமனா, பூச்சு நீங்கலான எஃகின் தடிமனா என்பதையும் குறிப்பிட வேண்டும். இசட் 275 வகைப் பூச்சு (சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகம்) இரு பக்கமும் சேர்ந்து ஏறத்தாழ 0.04 மி.மீ. வரும்.

லாரியிலிருந்து இறக்கும்போதே மைக்ரோமீட்டரால் மூன்று நான்கு இடங்களில் அளக்கலாம். எடைபோட்டுப் பார்ப்பது இன்னும் நம்பகமானது. வளைப்பதற்கு முந்தைய பட்டையின் அகலத்தையும் தடிமனையும் மி.மீட்டரில் எடுத்து, இரண்டையும் பெருக்கி 0.00785-ஆல் பெருக்கினால், மீட்டருக்கான எடை கிலோவில் கிடைக்கும். மேலே சொன்ன சி பர்லினுக்குப் பட்டையின் அகலம் சுமார் 347 மி.மீ. ஆகையால் 5.4 கிலோ வர வேண்டும். 4.9 கிலோதான் வருகிறது என்றால், 2 மி.மீட்டருக்குப் பதிலாக 1.8 மி.மீ. வந்திருக்கிறது.

பத்து விழுக்காடுதானே என்று அதை விட்டுவிட முடியாது. தகடு நெளியத் தொடங்கும் தகைவு (பரப்பலகுக்கு வரும் விசை) தடிமனின் இருபடியைப் பொறுத்தது என்பதால், அது 19 விழுக்காடு குறைந்துவிடும்.

துருப்பிடிக்காமல் எத்தனை காலம் இருக்கும்?

சூழலைப் பொறுத்தது, ஒரே விடை கிடையாது. 10 மி.மீ. தடிமனுள்ள பீமில் அரை மி.மீ. துருவாகப் போனால் பெரிய இழப்பில்லை, 2 மி.மீ. பர்லினில் அதுவே கால் பங்கு. ஆகையால் மெல்லிய உறுப்புக்கு வெறும் ரெட் ஆக்சைடு பூசித் திருப்தி அடைவதை என்னால் ஏற்க முடியவில்லை. சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகம் கொண்ட ஜி.ஐ. சுருளிலிருந்து செய்தவற்றையே கேளுங்கள். அந்தப் பூச்சு பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான் இருக்கும். வெட்டிய ஓரத்தில் எஃகு வெளியே தெரிந்தாலும், அருகிலுள்ள துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு அதைக் காக்கும். கூரை ஷீட்டுக்கு 55 விழுக்காடு அலுமினியம் கலந்த துத்தநாகப் பூச்சு நன்றாக உழைக்கிறது. ஆயினும் ஈரச் சிமென்டின் காரம் அதற்கு ஆகாது.

தூத்துக்குடி போன்ற உப்புக்காற்று வீசும் ஊர்களிலும், எருவிலிருந்து அம்மோனியா எழும் நாமக்கல் வட்டாரக் கோழிப் பண்ணைகளிலும் வழக்கமான பூச்சு போதாது. அதன் மேல் வண்ணப்பூச்சும் காற்றோட்டமும் வேண்டும். பண்ணைக் கூரை என்றால் உற்பத்தியாளரின் உத்தரவாதம் அதற்குப் பொருந்துமா என்பதை எழுத்தில் பெறுவது அவசியம். கால்நடைக் கொட்டகைகளை உத்தரவாதத்திலிருந்து விலக்குவது பரவலான வழக்கம்.

கட்டாக அடுக்கிய பர்லின்களுக்கு இடையே மழைநீர் தங்கினால் சில நாளிலேயே வெண்துரு படியும். ஒரு முனையை உயர்த்தி, நீர் வடியும்படி அடுக்கி, மேலே மூடி வைத்தால் போதும்.

வெல்டிங் செய்யலாமா?

செய்ய முடியும், ஆனால் தவிர்ப்பதே நல்லது. வெல்டிங் வெப்பம் துத்தநாகத்தை எரித்துவிடுகிறது, 1.5 மி.மீ. தகட்டில் கை சற்று நின்றாலே ஓட்டை விழும். எழும் துத்தநாகப் புகை வேலை செய்பவருக்குக் காய்ச்சலைக் கொண்டுவரும். கிளீட்டை (பர்லினைப் பிடிக்கும் சிறிய எஃகுத் துண்டு) மட்டும் ராஃப்டரோடு பட்டறையில் வெல்டிங் செய்து, பர்லினை அந்தக் கிளீட்டோடு போல்ட்டால் இணைப்பதே முறை. கிளீட்டுக்கு இன்னொரு பணியும் உண்டு. பர்லினை ராஃப்டரின் மீது நேரடியாக உட்கார வைத்தால், தாங்கிடத்தில் அதன் மெல்லிய நடுத்தகடு நசுங்கக்கூடும்; கிளீட் அந்தச் சுமையைப் போல்ட் வழியாக நடுத்தகட்டிலிருந்தே வாங்கிக்கொள்கிறது.

எந்த விதித்தொகுப்பின்படி வடிவமைக்க வேண்டும்?

எஃகுக் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 800, 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு, இந்த மெல்லிய உறுப்புகளுக்குத் தனித் தரநிலை உண்டு என்று சொல்லி விலகிக்கொள்கிறது. அந்தத் தனித் தரநிலை ஐ.எஸ். 801, அதன் 1975-ஆம் ஆண்டுப் பதிப்பு பழைய அனுமதித்தகைவு முறையில் அமைந்தது. அளவுகளுக்கும் பண்புகளுக்கும் ஐ.எஸ். 811 இருக்கிறது. நடைமுறையில் பல வடிவமைப்பாளர்கள் இத்தகைய உறுப்புகளுக்கான அமெரிக்க எஸ் 100 விதித்தொகுப்பு அல்லது ஐரோப்பிய விதிகளையும் பயன்படுத்துகிறார்கள். எதைப் பயன்படுத்தினாலும் சுமைக் காரணிகளையும் வலிமைக் காரணிகளையும் ஒரே தொகுப்பிலிருந்து எடுக்க வேண்டும். ஒன்றிலிருந்து சுமையையும் இன்னொன்றிலிருந்து வலிமையையும் எடுத்துக் கலப்பது ஆபத்தானது.

இவற்றைக் கொண்டே வீடு கட்ட முடியுமா?

முடியும். 1 மி.மீ. அளவிலான சி வடிவச் சட்டங்களை நெருக்கமாக நிறுத்திச் சுவர்ச் சட்டகம் அமைத்து, இரு பக்கமும் பலகை பொருத்தி, இடையில் வெப்பக்காப்பு நிரப்பும் முறை இது. 2021 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ஒன்றிய அரசின் ஆறு கலங்கரைவிளக்கக் குடியிருப்புத் திட்டங்களில், அகர்தலாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தொழில்நுட்பத்தில் இந்த மென்தகட்டுச் சட்டகம் இடம்பெற்றது. சென்னை பெரும்பாக்கத்தில் முன்வார்ப்புக் கான்கிரீட் தேர்வானது. சுமை குறைவு என்பதால், நிலநடுக்கப் பகுதியிலும் பழைய கட்டடத்தின் மேல் ஒரு மாடி எழுப்பும்போதும் இம்முறைக்கு உண்மையான மதிப்பு உண்டு.

நெருப்பைப் பற்றிக் கேட்காமல் இருக்கக்கூடாது. மெல்லிய எஃகு மிக விரைவாகச் சூடேறி, 500 பாகை செல்சியஸை ஒட்டித் தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடும். அதைக் காப்பது ஜிப்சம் பலகை. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர். அது ஆவியாகி முடியும்வரை பின்னால் உள்ள சட்டகம் அதிகம் சூடேறாது. எனவே பலகையின் வகையும் எத்தனை அடுக்கு என்பதும் வரைபடத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

தொழில்துறையில் வேறு எங்கெல்லாம் பயன்படுகின்றன?

பேருந்து, லாரிக் கூண்டுகள், மின்கம்பித் தட்டுகள், தானியக் குதிர்கள், பசுமைக் குடில்கள், சூரிய மின்பலகைத் தாங்கிகள் எனப் பட்டியல் நீளமானது. நெடுஞ்சாலைத் தடுப்பின் அலைவடிவப் பட்டை 3 மி.மீ. தகட்டில் செய்யப்படுகிறது. அவற்றில் மக்கள் அதிகம் கவனிக்காதது கிடங்கு அடுக்கு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரக் கிடங்குகளில் காணப்படும் உயரமான பேலட் (சரக்கு வைக்கும் பலகைத் தட்டு) அடுக்குகளின் தூண்கள், நெடுகத் துளையிட்ட மெல்லிய தகட்டு உறுப்புகளே. கொக்கியாக மாட்டப்படும் பீமைத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்க அந்தத் துளைகள் உதவுகின்றன.

தன் எடையைப் போல் பல மடங்கு சரக்கைத் தாங்கும் இந்தத் தூண், ஃபோர்க்லிஃப்ட் முள் ஒருமுறை இடித்ததால் விழும் பள்ளத்தில் தன் வலிமையைப் பெருமளவு இழக்கலாம். ஐரோப்பிய வழிகாட்டு விதியின்படி, 1 மீட்டர் நேர்கோலைத் தூணோடு ஒட்டிவைத்துப் பார்க்கும்போது, பீம் ஓடும் திசையில் 5 மி.மீட்டருக்கும், அதற்குக் குறுக்கே 3 மி.மீட்டருக்கும் மேல் வளைவு இருந்தால் அந்தத் தூணில் நடவடிக்கை தேவை. அதன் இரு மடங்கைத் தாண்டினால் உடனே சரக்கை இறக்க வேண்டும். வளைந்த தூணைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவதும், பட்டி வைத்து வெல்டிங் செய்வதும் கூடாது. மாற்றியே ஆக வேண்டும். பீம் கொக்கியின் பாதுகாப்புப் பின் காணாமல் போயிருந்தால், அதை அன்றே போட வேண்டும். கீழிருந்து முள் தூக்கும்போது பீம் கழன்று வருவதைத் தடுப்பது அந்தச் சிறிய பின் மட்டுமே.

பர்லினில் மின்விசிறி, குழாய் ஆகியவற்றைத் தொங்கவிடலாமா? பழைய ஷெட்டின் மேல் சூரிய மின்பலகை வைக்கலாமா?

வடிவமைப்பில் அந்தச் சுமை சேர்க்கப்பட்டிருந்தால் தொங்கவிடலாம். ஆனால் கிளாம்பைக் கீழ் விளிம்பின் உதட்டில் மாட்டக்கூடாது. அது உதட்டைத் திறந்து பர்லினை முறுக்கும். நடுத்தகட்டில் துளையிட்டுப் போல்ட்டில் தொங்கவிடுவதே முறை. குழாய்க்கு வழிவிடுவதற்காக விளிம்பை வெட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்க வேண்டாம்.

சூரிய மின்பலகையும் அதன் சட்டமும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 கிலோ கூட்டும். முன்பிருந்த ஷீட், பர்லின் எடையையே அது இரு மடங்குக்கு மேல் ஆக்கிவிடுகிறது. பலகையைக் கூரையிலிருந்து சாய்த்து நிறுத்தினால் காற்றின் இழுப்பும் மாறும். அந்த இழுப்பு பரவலாக வராமல் கிளாம்பு பிடித்த சில இடங்களில் குவியும். எனவே ஒப்பந்தக்காரர் கூரையின் பரப்பை மட்டும் அளந்து மெகாவாட் சொன்னால் போதாது. பர்லினின் உண்மைத் தடிமன், இடைவெளி, மேற்பொருத்தின் நீளம், சாக் ராட் வரிசைகள், ஸ்க்ரூக்களின் நிலை ஆகியவற்றை மேலேறி அளந்து, கட்டமைப்புப் பொறியாளரின் கையொப்பமிட்ட கணக்கைத் தர வேண்டும். பழைய வரைபடம் கையில் இருந்தாலும் அளவெடுக்காமல் அதை நம்ப வேண்டாம். வரைபடத்தில் உள்ள பர்லினும் கூரையில் உள்ள பர்லினும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.